நெகட்டிவ் யாரிடம் இருக்கிறது

நான் பார்ப்பது ஸ்கேனிங் வேலை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில், பழைய படங்களைப் புதுப்பித்துத் தரும் ஒரு லேபில் இருக்கிறேன். வருகிற பிலிமைப் பரிசோதிக்க வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், பிய்ந்த ஓரத் துளைகளையும் விட்டுப்போன ஒட்டுகளையும் சரிபண்ண வேண்டும், அப்புறம் ஒவ்வொரு பிரேமாக டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். கோடம்பாக்கத்தில் நெகட்டிவ் கட்டிங் மேசையில், அதாவது கேமராவில் ஓடிய மூல பிலிமை வெட்டி ஒட்டும் மேசையில், கற்றுக்கொண்ட தொழில்தான் இங்கேயும் சோறு போடுகிறது. பெரிய ஸ்டுடியோக்களின் படங்களும் எங்களிடம் வரும். ஆனால் என் மனசு ஒட்டிக்கொண்டது, ஸ்டுடியோவுக்கு வெளியே, கையில் கிடைத்ததை வைத்து எடுத்த படங்களிடம்தான். அமெரிக்கச் சுயாதீன சினிமாவைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட அந்தப் பெட்டிகளைத் திறந்து தெரிந்துகொண்டது அதிகம்.

ஸ்டுடியோ படம் வரும்போது பெட்டிகளுக்கு எண் இருக்கும், பட்டியல் இருக்கும், எந்த ரீலில் என்ன பழுது என்று யாரோ முன்பே எழுதி வைத்திருப்பார்கள். சுயாதீனப் படம் அப்படி வராது. இறந்துபோன இயக்குநரின் மனைவியோ மகளோ காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். கலிபோர்னியா வெயிலில் வருஷக்கணக்காக கராஜில் கிடந்த டப்பாவாக இருக்கும். மூடியைத் திறந்தால் வினிகர் போன்ற காடி வாசனை மூக்கில் ஏறும். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பிலிம் சுருங்கியிருக்கும், ஓரம் அலையலையாக நெளிந்திருக்கும். அதை இயந்திரத்தில் ஏற்றும் முன் துளைக்குத் துளை தூரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பார்த்தே ஆக வேண்டும்.

பிலிமின் ஓரத்தில், துளைகளை ஒட்டி, கோடக் நிறுவனம் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இட்டிருக்கும். அந்த பிலிம் தயாரான ஆண்டை அவை சொல்லும். 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறிகள் திரும்ப வரும் என்பதால், படத்தின் காலம் நமக்குத் தோராயமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டுடியோ படத்தில் முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை ஒரே குறி ஓடும். சுயாதீனப் படத்தில் ஒரே காட்சிக்குள் மூன்று விதக் குறிகள் வரும். வேறு யாரோ எடுத்த படத்தில் மிஞ்சிய ஷார்ட் எண்டுகளை மலிவாக வாங்கி, துண்டு துண்டாகக் கேமராவில் மாட்டியிருப்பார்கள். எந்த வாரம் காசு இருந்தது, எந்த வாரம் இல்லை என்பதை அந்த ஓரத்திலேயே படித்துவிடலாம். சுயாதீன இயக்குநர் ஜிம் ஜார்முஷ் தன் ‘ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்’ படத்தின் முதல் பகுதியை, ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் தன் படத்தில் மிஞ்சியதென்று கொடுத்த பிலிமில்தான் எடுத்தார். அந்தப் படம் 1984-ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் முதல் பட இயக்குநருக்கான பரிசை வாங்கியது.

பிலிம் யாரிடம் வாங்குவது என்பதே ஒரு காலத்தில் இந்த நாட்டில் பெரிய யுத்தமாக இருந்திருக்கிறது. 1908-ல் எடிசன் தலைமையில் காப்புரிமைக்காரர்கள் ஒரு கூட்டமைப்பு அமைத்தார்கள். கேமரா, புரொஜெக்டர் உரிமைகள் அவர்கள் கையில். ஈஸ்ட்மன் கோடக் நிறுவனமும் சில காலம் அந்தக் கூட்டமைப்பில் இருப்பவர்களுக்கு மட்டுமே பிலிம் விற்றது. அதற்கு அடங்காதவர்களைத்தான் அன்றைக்குச் சுயாதீனர்கள் என்றார்கள். அவர்களில் கார்ல் லேம்லியும் வில்லியம் ஃபாக்ஸும் உண்டு. 1915-ல் நீதிமன்றம் கூட்டமைப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. லேம்லியின் கம்பெனி யுனிவர்சல் ஆனது, ஃபாக்ஸின் கம்பெனி அவர் பெயரிலேயே ஸ்டுடியோ ஆனது. அடங்க மறுத்தவர்கள் அடுத்த தலைமுறைக்குக் கதவை அடைப்பவர்களாக மாறினார்கள். இந்த வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்களில் நான் முதலில் கும்பிடுவது கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோவைத்தான். அடிமைகளாகப் பிறந்தவர்களின் மகன், தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தவர். நாவல் எழுதி, தானே வீடு வீடாகப் போய் விற்றார். அந்த நாவலைப் படமாக்க ஒரு கம்பெனி கேட்டபோது, தன்னையே இயக்கவிட மாட்டோம் என்று சொன்னதால் மறுத்துவிட்டார். தன்னிடம் புத்தகம் வாங்கிய விவசாயிகளிடமும் வியாபாரிகளிடமும் பங்கு விற்றுப் பணம் சேர்த்து, 1919-ல் தானே படம் எடுத்தார். 40-க்கும் மேற்பட்ட படங்கள் செய்த அந்த மனிதரின் ஊமைப் படங்களில் நமக்குக் கிடைத்திருப்பவை மிகச் சில. 1920-ல் வந்த ‘விதின் அவர் கேட்ஸ்’ அமெரிக்காவில் எங்குமே இல்லாமல் போய், பல பத்தாண்டுகள் கழித்து ஸ்பெயின் ஆவணக் காப்பகத்தில் ‘லா நெக்ரா’ என்ற பெயரில் ஒரு பிரதி கிடைத்தது. ஊமைப் படத்தில் வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டைகள் ஸ்பானிய மொழியில் இருந்ததால், அவற்றைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்த வேலையைச் செய்து 1993-ல் முடித்தது. கறுப்பின மக்கள் மீது நடந்த கும்பல் கொலைகளை அந்த நாளிலேயே திரையில் காட்டிய படம், கடல் தாண்டிப் போன ஒரே ஒரு பிரதியால் பிழைத்தது.

1948-ல் உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு ஸ்டுடியோக்கள் தங்கள் தியேட்டர்களைக் கைவிட நேர்ந்தது. சுயாதீனர்களுக்கும் திரைகள் கொஞ்சம் திறந்தன. கேமராக்களும் சிறிதாகிக்கொண்டிருந்தன. மோரிஸ் எங்கல் என்ற புகைப்படக்காரர், தோளில் தாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கக்கூடிய ஒரு 35 மி.மீ. கேமராவைச் செய்வித்துக்கொண்டு, கோனி தீவுக் கடற்கரையில் ஒரு சிறுவன் பின்னாலேயே போனார். அவர் மனைவி ரூத் ஆர்கின், ரே ஆஷ்லி இருவரும் கூட்டாளிகள். கடற்கரையில் இருந்த ஆயிரக்கணக்கான பேரில் பெரும்பாலோருக்குப் படம் எடுக்கிறார்கள் என்பதே தெரியாது. அந்தக் கேமராவில் ஒலி பதிய முடியாது, வசனமெல்லாம் பிறகு சேர்த்தது. ‘லிட்டில் ஃப்யூஜிடிவ்’ 1953-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது வாங்கியது. பிரான்ஸில் புதிய அலை என்று பேர்பெற்ற சினிமா இயக்கத்துக்கு வழிகாட்டியது அந்தப் படம்தான் என்று, அதன் இயக்குநர்களில் ஒருவரான த்ரூஃபோ பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்.

நடிகரும் இயக்குநருமான ஜான் கசவெடிஸைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். 1957-ல் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் உட்கார்ந்து, சாதாரண மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் பணம் அனுப்புங்கள் என்று அவர் கேட்டதும், ஜனங்கள் ஒன்றிரண்டு டாலராக அனுப்பியதும் பெரிய கதை. அகலம் குறைந்த, மலிவான 16 மி.மீ. பிலிமில் எடுத்த ‘ஷேடோஸ்’ அப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1974. ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ படத்துக்காக வீட்டை அடகு வைத்தார், நடிகர் பீட்டர் ஃபாக்கும் தன் பணத்தைப் போட்டார். எடுத்து முடித்தபின் வாங்க ஆள் இல்லை. அவர்களே விநியோகக் கம்பெனி ஆரம்பித்து, தியேட்டர் தியேட்டராகப் போன் செய்து, கல்லூரி கல்லூரியாகப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இயக்குநருக்கும் நாயகி ஜீனா ரோலண்ட்ஸுக்கும் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. படம் எடுக்கிற தைரியம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எடுத்ததைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டுகிற பிடிவாதம் சிலருக்குத்தான் வாய்த்திருக்கிறது.

லேப்காரனாக இதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. நியூயார்க்கில் 1922-ல் தொடங்கிய டுஆர்ட் என்ற லேபை நடத்திய இர்வின் யங், கையில் காசில்லாத இளைஞர்களுக்குக் கடனுக்கே பிலிம் கழுவிக் கொடுத்தார். 16 மி.மீ. படத்தைத் தியேட்டருக்கேற்ற 35 மி.மீ. ஆகப் பெரிதாக்கித் தருவதில் அந்த லேப் கெட்டி. அந்த மனிதர் நம்பிக் கடன் கொடுத்திருக்காவிட்டால் எத்தனையோ படங்கள் கழுவப்படாத ரீலாகவே நின்றிருக்கும். தயாரிப்பாளர் பெயர் திரையில் பெரிதாக வரும், லேபின் பெயர் கடைசியில் பொடி எழுத்தில் ஓடும். அந்தப் பொடி எழுத்தை நான் எப்போதும் நின்று படிப்பேன்.

லேப்கள் மூடியபோது ஒரு ஆபத்து வந்தது. பணம் கட்ட முடியாமலோ மறந்தோ விட்டுப்போன நெகட்டிவ்கள் லேப் அலமாரிகளிலேயே கிடந்தன. பார்பரா லோடன் எழுதி, இயக்கி, நடித்த ‘வாண்டா’ 1970-ல் வெனிஸில் விமர்சகர் பரிசு பெற்றது. நாலைந்து பேர் கொண்ட குழு, 16 மி.மீ. கேமரா. 1980-ல் அவர் புற்றுநோயில் இறந்துபோனார். வேறு முழுநீளப் படம் எடுக்கவில்லை. 2007-ல் ஹாலிவுட்டில் ஒரு லேப் மூடி, உள்ளே கிடந்ததையெல்லாம் குப்பைக்கு அனுப்ப இருந்த கடைசி நேரத்தில், கலிபோர்னியா பல்கலைக்கழகக் காப்பகத்தைச் சேர்ந்த ராஸ் லிப்மன் அங்கே போய் ‘வாண்டா’வின் மூல ரீல்களை மீட்டார். கேத்லீன் காலின்ஸின் ‘லூசிங் கிரவுண்ட்’ 1982-ல் எடுக்கப்பட்டது. அது தியேட்டரில் ஒழுங்காக வெளியாவதைப் பார்க்காமலே அவர் 46 வயதில் இறந்தார். அவர் மகள் டுஆர்ட்டிலிருந்து நெகட்டிவை மீட்டுப் புதுப்பித்தபின், 2015-ல்தான் படம் ஜனங்களுக்குக் கிடைத்தது.

நெகட்டிவ் பத்திரமாக இருந்தும் படம் கைவிட்டுப் போவது உண்டு. பிட்ஸ்பர்க்கில் ஜார்ஜ் ரொமெரோவும் நண்பர்களும் சொந்தக் காசைப் போட்டு எடுத்து 1968-ல் வெளிவந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ அப்படித்தான் போனது. முதலில் படத்துக்கு வேறு பெயர். பதிப்புரிமை வாசகம் அந்தத் தலைப்பு அட்டையில் மட்டும் இருந்தது. விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றிப் புது அட்டை ஒட்டியபோது வாசகத்தைத் திரும்பப் போடவில்லை. அன்றைய சட்டப்படி வாசகம் இல்லாவிட்டால் உரிமையும் இல்லை. உலகமே பார்த்த படம், யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்கலாம் என்ற பொதுச் சொத்தாகிவிட்டது. சில நொடி ஓடுகிற ஒரு துண்டு பிலிம்! தலைப்பு அட்டையை ஸ்கேன் செய்யும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து வயிறு எரியும்.

1980-களிலிருந்து நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. சுயாதீனப் படக்காரர்களுக்கு உதவ நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் தொடங்கிய சன்டான்ஸ் நிறுவனம் 1981-ல் வந்தது, 1985-ல் யூட்டா மாநிலத்தில் நடந்த திரைப்பட விழாவை எடுத்துக்கொண்டது. 1989-ல் ஸ்டீவன் சோடர்பெர்கின் ‘செக்ஸ், லைஸ், அண்ட் வீடியோடேப்’ படம் சுமார் 12 லட்சம் டாலரில் உருவாகி, கானில் உயர்ந்த பரிசான தங்கப் பனை வாங்கி, வசூலையும் அள்ளியது. 1993-ல் சுயாதீனப் படங்களை விநியோகித்த மிராமாக்ஸை டிஸ்னி வாங்கியது. அந்த வருஷங்களில் இன்னொரு கதையும் பரவியது, ‘எல் மரியாச்சி’யை 7,000 டாலரில் எடுத்தார்கள் என்று. எடுத்தது உண்மைதான், ராபர்ட் ரோட்ரிகஸின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் தியேட்டரில் ஓடியது அந்த 7,000 டாலர் பிலிம் இல்லை. கொலம்பியா நிறுவனம் அதற்குப் பல மடங்கு செலவழித்து 35 மி.மீ. ஆக்கி, ஒலியைத் திரும்பச் செய்தது. அந்தச் செலவைச் சொல்லாமல் முதல் தொகையை மட்டும் சொன்னதால், கடன் அட்டையை நம்பி இறங்கி நடுவழியில் நின்ற இளைஞர்கள் நிறைய. முடிக்கப்படாத அவர்கள் படங்களும் எங்கள் மேசைக்கு வருகின்றன.

எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமான படம் சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’. லாஸ் ஏஞ்சலஸில் படம் எடுத்த காலத்தில் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில், ஆடு அறுக்கும் கூடத்தில் வேலை செய்யும் ஒருவர், அவர் மனைவி, பிள்ளைகள். பல்கலைக்கழகப் பட்டத்துக்காக வார இறுதிகளில், 10,000 டாலருக்கும் குறைவான செலவில், அக்கம்பக்கத்து மக்களையே நடிக்க வைத்து எடுத்தார். வேலை முடிந்து வரும் மனிதனின் உடம்பில் இருக்கிற களைப்பை இவ்வளவு மரியாதையோடு காட்டிய படம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. 1990-ல், பாதுகாக்க வேண்டிய அமெரிக்கப் படங்களின் பட்டியலான தேசியப் படப் பதிவேட்டிலும் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் தியேட்டருக்கு வர முடியவில்லை. அதில் வரும் பாடல்களுக்கு உரிமை வாங்கவில்லை, மாணவர் படத்துக்கு யார் வாங்குவார்கள்? கடைசியில் அந்த உரிமைகளுக்கு மட்டும் சுமார் 1,50,000 டாலர் தேவைப்பட்டது. படச் செலவைப் போல 15 மடங்கு! மைல்ஸ்டோன் என்ற சிறு விநியோக நிறுவனம் வருஷக்கணக்காக முயன்று 2007-ல் வெளியிட்டது. அப்போதும் கடைசிக் காட்சியில் டைனா வாஷிங்டன் பாடும் ‘அன்ஃபர்கெட்டபிள்’ பாட்டுக்கு மட்டும் உரிமை கிடைக்காமல், அவருடைய வேறொரு பாட்டை வைத்தார்கள். 2025-ல் வந்த புதிய 4கே பதிப்பில்தான் பர்னெட் முதலில் வைத்த பாட்டு திரும்ப வந்திருக்கிறது.

அதனால், எந்தப் பெட்டி வந்தாலும் இப்போது நான் பிலிமுக்கு முன்னால் அடியில் மடித்து வைத்திருக்கும் காகிதங்களைத்தான் எடுப்பேன். லேப் ரசீது, பாட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம், விநியோக ஒப்பந்தம், தலைப்பு அட்டைக்கு எழுதிய குறிப்பு, எதுவாக இருந்தாலும் சரி. அவற்றையும் ஸ்கேன் செய்து படத்தின் பைல்களோடே சேர்க்கிறோம், குடும்பத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கிறோம். போன மாதம் வந்த ஒரு அம்மாவுக்குத் தன் கணவர் எடுத்த படத்தின் உரிமை தன்னிடம்தான் இருக்கிறது என்பதே அந்தப் பழுப்பேறிய ஒப்பந்தத்தைப் பார்த்தபின்தான் தெரிந்தது. ஏழு வருஷக் குத்தகைக்குக் கொடுத்திருந்த உரிமை எப்போதோ அவர்களிடமே திரும்பியிருந்தது. ரீல்கள் இப்போது குளிர் அறையில் இருக்கின்றன. நெகட்டிவ் ஏ, பி என்று இரண்டு ரோல். ஏ ரோல் முடிந்துவிட்டது, பி ரோலில் நாலு ஒட்டு போட வேண்டும்.