ஊதாவில் நிறுத்தினேன்

"அடிக்கிறதோட உங்க வேலை முடிஞ்சுது தம்பி. வெட்டுறது நான்தானே?" என்று கேட்டார் அவர். நான் சொன்ன பதில் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் என் கொல்லுப் பட்டறைக்குக் கோடாலி வேலை வரும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

அவர் கேட்டது, கோடாலியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, இன்னும் கொஞ்சம் கடினமாக வேண்டும் என்பதுதான். ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். என் உலையில் எரிவதும் அந்த மரத்துக் கரிதான். அவருக்கு எடைக்குத்தான் கூலி. வாய் மழுங்கி அரம் போட உட்கார்ந்தால் அந்த நேரத்துக்குக் காசு இல்லை. "காலையில தீட்டினா மத்தியானம் வரைக்கும் தாங்கணும்" என்றார்.

நான் அடிப்பது லாரியின் வில் பட்டையில். கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும், கோடாலிக்கு நல்ல இரும்பு. காம்புக்குத் துளை போடுவது, வாயை விரிப்பது எல்லாம் சம்மட்டிக்கு நல்ல ஆள் இருந்தால் நடந்துவிடும். குணம் தீர்மானமாவது தோய்ச்சலில்தான், காய்ச்சிய இரும்பை முக்கி ஆற்றுவதில். காந்தம் ஒட்டாமல் போகும் சூடு 770 டிகிரி. அதையும் தாண்டிக் காய்ச்சி, வாயை மட்டும் இரண்டு விரல் அளவுக்கு எண்ணெயில் முக்குவேன். தண்ணீரில் முக்கினால் இந்த இரும்பு விரிசல் விடும். எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு அடித்தால் வாய் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் சாணைக்கல் துண்டால் தேய்த்து வெள்ளை காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பின்பக்கம் மிச்சமிருக்கும் சூடு முன்னால் ஊர்ந்து வரும், தேய்த்த வெள்ளையில் நிறம் மாறும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். சுமார் 230 டிகிரியிலிருந்து 300 வரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். மஞ்சளில் நிறுத்தினால் கூர் நிற்கும், ஆனால் மரத்தின் முடிச்சில் பட்டால் சில்லு தெறிக்கும். நீலம் வரை விட்டால் சில்லு போகாது, ஆனால் சீக்கிரம் மழுங்கும்.

நான் ஊதாவில் நிறுத்துகிறவன். அவர் கேட்டது மஞ்சள்.

"முடியாதுண்ணே. சில்லு தெறிச்சா கண்ணு போயிரும்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அப்பாவிடம் சம்மட்டி அடித்தவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது, உளித் தலையிலிருந்து தெறித்த துண்டு. சின்ன வயதில் பார்த்தது. நான் முடியாது என்றதும்தான் கரிமூட்டக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "பட்டறையை விட்டுப் போறது என் பேர்லதானே போகுது" என்றேன்.

ஊதாவில் நிறுத்திக் கொடுத்தேன். பேரம் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். பேரம் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அதற்கப்புறம் அவர் வரவில்லை. கோடாலி நன்றாக இருந்ததால் வர வேண்டிய தேவையே இல்லாமலும் போயிருக்கலாம்.

அவர் வெட்டுவது பச்சை மரமா, காய்ந்ததா என்று நான் கேட்கவில்லை. பச்சை மரம் என்றால் பழுப்பில் நிறுத்தி, வாயைக் கொஞ்சம் தடிமனாக விட்டிருந்தாலே தாங்கியிருக்கும். ஆனால் தடித்த வாய் மரத்தில் ஆழமாக இறங்காது, அதற்கும் அவர் கூலியில்தான் அடி விழும். அப்படியானால் ஊதாவே சரி. இப்படி யோசித்து முடித்ததும் அடுத்தது வருகிறது: நாள் முழுக்க அந்த மரத்தோடு கிடப்பவர் கையிலிருக்கும் கணக்கை, ஒரு தடவைகூட அதை வெட்டாத நான் எப்படித் தள்ளினேன்? கண் போனால் போவது அவர் கண்தான், அதை அறிந்துதான் கேட்டார். ஆனால் பக்கத்தில் விறகு அடுக்கும் அவர் மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லையே.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் என்ன மரம், எப்படிக் கூலி என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் ஒருவர், காய்ந்த வேம்பு என்றார், வாய் கடினமாக வேண்டும் என்றார். எல்லாம் பொறுமையாகக் கேட்டேன். அதையும் ஊதாவில்தான் நிறுத்தினேன்.