கிளப்பில் அடிபட்டால் யார் பொறுப்பு?

நம்ம சுங்கை சிப்புட் பையன்கள் சம்பளம் போட்டதும் ஈப்போவில் கிளப்புக்குப் போகிறார்கள், போகட்டும், அவர்கள் காசு. ஆனால் அடுத்த வீட்டுத் தம்பிக்கு அங்கே யாரோ போட்ட சண்டையில் பாட்டில் பட்டு நெற்றியில் தையல் போட்ட பிறகு, "குடிக்கிற இடம்னா அப்படித்தான்" என்று எல்லாரும் பேசுவதுதான் எரிச்சல். காசு வாங்கி உள்ளே விட்டவனுக்குப் பொறுப்பு இல்லையா?

இருக்கிறது. இதற்கென்று இங்கே மலேசியாவில் தனிச் சட்டம் கிடையாது, நீதிமன்றத் தீர்ப்புகளில் உருவான பொதுச்சட்டத்தின் கவனக்குறைவு விதிதான்: ஆபத்தை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியுமா, தடுக்க நியாயமான ஏற்பாடு இருந்ததா. திடீரென்று ஒருவன் குத்தினால் கிளப்பைப் பிடிப்பது கஷ்டம். அரை மணி நேரமாக முறைத்துக்கொண்டு நின்றவர்களை ஜாகா (காவலாளி) வேடிக்கை பார்த்திருந்தால் கதையே வேறு. வேலை நேரத்தில் ஜாகாவே அடித்தால் முதலாளியும் மாட்டலாம். நம்ம ஆள்தான் வம்பு இழுத்தான் என்றால் நஷ்டஈடு குறையும், 1956 சிவில் சட்டத்தில் இருக்கிறது.

தீபகற்ப மலேசியாவில் வழக்குப் போட 6 வருடம் உண்டு, சரி, கேமரா பதிவு அவ்வளவு நாள் இருக்குமா? முதலில் போலீஸ் ரிப்போர்ட், மருத்துவ அறிக்கை, அப்புறம் பதிவை அழிக்கக்கூடாது என்று கிளப்புக்கு உடனே ஒரு வக்கீல் கடிதம்.