டம்போவும் கூடாரம் போட்டவர்களும்

டிஸ்னியின் டம்போ கார்ட்டூன் படம் முழுக்க, பெரிய காதுகளால் பறக்கிற சர்க்கஸ் யானைக்குட்டி டம்போ ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டான். அவன் அம்மாவும் ஒரே ஒரு முறைதான் வாய் திறப்பாள், குழந்தையின் பெயர் ஜம்போ ஜூனியர் என்று சொல்வதற்காக. 1941இல் வந்த, 64 நிமிடமே ஓடுகிற ஒரு படம், தாயையும் பிள்ளையையும் ஏறக்குறைய ஊமையாகவே வைத்துக்கொண்டு இத்தனை தலைமுறைகளை அழவைத்திருக்கிறது என்று இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. சின்ன வயதில் எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. பெரியப்பா வீட்டு டெக்கில் கேசட் போட்டுப் பார்த்தபோது இங்கிலீஷ் ஒரு வரிகூடப் புரியாத வயசு. சுற்றி இருந்தவர்கள் பேசியது அந்தக் குட்டிக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அதனாலேயே அவனோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்போது பார்த்ததில் மனசில் தங்கியது காது, பறக்கிறது, அந்த ரோஸ் கலர் யானைகள். அவ்வளவுதான். இப்போது என் மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தபோது, நான் சுத்தமாக மறந்துபோயிருந்த இரண்டு காட்சிகள்தான் என்னை விடவில்லை.

ஒன்று, தாலாட்டு. மகனின் காதைப் பிடித்து இழுத்துக் கேலி செய்த பையனை அம்மா யானை தும்பிக்கையால் நாலு போடு போடுகிறாள். உடனே சாட்டை, கயிறு, சங்கிலி. ஒரு வண்டிக்குள் தள்ளிப் பூட்டி, பைத்தியம் பிடித்த யானை, ஆபத்து என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். ராத்திரி சிநேகிதனான டிமோதி எலி டம்போவை அங்கே கூட்டிக்கொண்டு போகிறது. அவள் காலில் சங்கிலி. ஜன்னல் வரைக்கும் வர முடியவில்லை. தும்பிக்கையை மட்டும் கம்பிக்கு வெளியே நீட்டுகிறாள். அது காற்றில் துழாவுகிறது, குட்டியின் தலையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது, நெற்றியைத் தடவுகிறது, கன்னத்துக் கண்ணீரைத் துடைக்கிறது, பிறகு வளைந்து ஒரு தூளியாகி அவனை ஏந்தி ஆட்டுகிறது. பாட்டு ஓடும்போது அவள் முகத்தை நம்மிடம் காட்டி அழவைக்க வேண்டிய அவசியமே இல்லை. தும்பிக்கை ஒன்றே போதும். நடுநடுவே மற்ற மிருகங்களின் கூண்டுகளைக் காட்டுகிறார்கள். எல்லாத் தாயும் தன் குட்டியை அணைத்துக்கொண்டு தூங்குகிறது. நீர்யானைகூடத் தண்ணிக்கு அடியில் தன் பிள்ளையோடு கிடக்கிறது. ஃபிராங்க் சர்ச்சில் இசை, நெட் வாஷிங்டன் வரிகள், பாடியவர் பெட்டி நோய்ஸ். பிள்ளை பெற்ற பிறகு இந்தக் காட்சியைத் தொண்டை அடைக்காமல் பார்க்க என்னால் முடியவில்லை.

இந்தத் தாயையும் பிள்ளையையும் வரைந்தவர்களில் முக்கியமானவர் பில் டைட்லா. உக்ரைனிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். டம்போவுக்கு முந்தைய வருஷம் டிஸ்னியின் ஃபேன்டேசியா படத்தில் மலை உச்சியில் இறக்கை விரித்து நிற்கிற அந்தப் பயங்கரப் பிசாசை வரைந்ததும் இதே கைதான். டம்போவுக்குத் தன் வீட்டில் இருந்த இரண்டு வயசு மகனைப் பார்த்தே உயிர் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். குளிக்கிற காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வெந்நீர்த் தொட்டியில் முங்கி எழுந்த குட்டி அம்மாவின் நாலு காலுக்கு நடுவே ஓடி ஒளிகிறான். பிடிபடுவதற்கு முன்னாலேயே சிரித்துவிடுகிறான். பிள்ளைகளைக் குளிப்பாட்டிய யாருக்கும் அந்த அவசரச் சிரிப்பு தெரியும். அது யானையைப் பார்த்து எடுத்ததே இல்லை.

யானையைப் பற்றிச் சொல்ல வந்தது நினைவுக்கு வருகிறது. தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி போகிற ரோட்டில் ஒரு சாயங்காலம் எங்கள் வண்டிக்கு முன்னால் யானைக் கூட்டம் கடந்தது. டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு, "குட்டி இருக்கும்மா, யாரும் பேசாதீங்க" என்றார். இருந்தது. பெரியவர்களின் கால்களுக்கு நடுவே, வெளியிலிருந்து முதுகு மட்டும் தெரிகிற மாதிரி. முன்னால் ஒன்று எங்களைப் பார்த்து நின்றுகொண்டது, குட்டி கடந்த பிறகுதான் திரும்பியது. யானைக்குக் கர்ப்பகாலம் ஏறக்குறைய 22 மாதம். அப்படிப் பிறந்த குட்டியைப் பெற்றவள் மட்டும் பார்ப்பதில்லை, கூட்டத்துப் பெண் யானைகள் எல்லாம் சேர்ந்து பார்க்கும். படத்தில் வருகிற அத்தைமார் யானைகளோ டம்போவின் காதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், தாய் பூட்டப்பட்ட பிறகு முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள், கடைசியில் இவன் இனி யானையே கிடையாது என்று சத்தியம் செய்கிறார்கள். அது அச்சு அசல் மனுஷ குணம். சாதி விலக்கு, ஊர் விலக்கு பார்த்த ஊரிலிருந்து வந்தவளுக்கு அந்தச் சத்தியம் புதுசாகத் தெரியவில்லை.

இரண்டாவது காட்சிக்கு வருகிறேன். சர்க்கஸ் ரயில் ஒரு ஊரில் வந்து நிற்கிறது. ராத்திரி, கொட்டுகிற மழை. கூடாரம் போட வேண்டும். யானைகள் கம்பத்தை இழுக்கின்றன, டம்போவும் தன் பங்குக்கு உதவுகிறான். கூடவே ஆட்கள். சம்மட்டியால் முளை அடிக்கிறார்கள், கயிறு இழுக்கிறார்கள், பாடிக்கொண்டே வேலை செய்கிறார்கள். என் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அந்த மாமாக்களுக்கு ஏன் மூஞ்சி இல்ல?"

நான் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினேன். நிஜம்தான். எலிக்கு முகம் இருக்கிறது. ரயில் எஞ்சினுக்குக்கூட முகம் இருக்கிறது, மூச்சு வாங்குகிறது, மேட்டில் ஏறும்போது திணறுகிறது. கூடாரம் போடுகிற அந்தக் கறுப்பினத் தொழிலாளிகளுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. பாட்டு இன்னும் மோசம். நாங்கள் எழுதப் படிக்கக் கற்றதில்லை, சம்பளம் வந்தால் வீசி எறிந்துவிடுவோம், ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம் என்று அவர்கள் வாயாலேயே பாடவைக்கிறது. அவர்களைக் குரங்கு என்று திட்டுகிற வரியும் உண்டு. இங்கிலீஷ் தெரியாத வயதில் எனக்கு அது மழைச் சத்தத்தோடு வந்த ஒரு நல்ல மெட்டு. இப்போது ஒவ்வொரு வரியும் காதில் விழுகிறது.

இதற்குப் பிறகு அந்தப் படம் எப்படி உருவானது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். டிஸ்னியின் பினாக்கியோவும் ஃபேன்டேசியாவும் 1940இல் வந்தன. ஐரோப்பாவில் போர், அங்கே படம் ஓட வழி இல்லை, இரண்டிலும் பணம் போனது. டம்போவைச் சிக்கனமாக முடிக்க வேண்டிய நிலைமை. அதனால்தான் பின்னணி எல்லாம் நீர்வண்ணத்தில் எளிமையாக இருக்கிறது, உருவங்கள் உருண்டையாக, நுணுக்கம் குறைவாக இருக்கின்றன. என் கணக்கில் அந்தச் சிக்கனம் படத்துக்கு நல்லதையே செய்தது. அலங்காரம் இல்லாத இடத்தில் நடிப்புதான் மிஞ்சும்.

அதே 1941 மே 29 அன்று டிஸ்னி ஸ்டுடியோ வாசலில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கம் சேர்ந்த ஆர்ட் பாபிட் என்ற மூத்த அனிமேட்டரை வேலையைவிட்டு எடுத்தது உடனடிக் காரணம். அடியில் இருந்தது சம்பளம். பெரிய அனிமேட்டர்களுக்கு நல்ல கூலி. ஒரு அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் இடைப்பட்ட படங்களை வரைந்துகொண்டிருந்த இளைஞர்களுக்கும், தாள் தாளாக மையும் வண்ணமும் தீட்டிய பெண்களுக்கும் சொற்பம். பெயரும் திரையில் வராது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பலகை பிடித்து வெளியே நின்றார்கள். நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பில் டைட்லாவும் அவர்களோடு போய் நின்றார். டம்போவின் நெற்றியைத் தடவிய அந்தத் தும்பிக்கையை வரைந்த மனிதர்!

படத்தில் பபூன்கள் கூடாரத்துக்குள் வேஷம் கலைக்கிற ஒரு காட்சி உண்டு. துணியில் நிழல் மட்டும் தெரியும். குடித்துவிட்டு, முதலாளியிடம் போய்ச் சம்பளம் கூட்டிக் கேட்போம் என்று பாடிக்கொண்டு கிளம்புவார்கள். அடுத்த ஆட்டத்தில் யானைக்குட்டியை இன்னும் உயரத்திலிருந்து குதிக்கவைப்போம், யானைக்கு என்ன வலிக்கவா போகிறது என்று பேசிக்கொள்பவர்களும் இவர்களேதான். வேலைநிறுத்தம் செய்தவர்களைத்தான் இப்படி வரைந்துவைத்தார்கள் என்று அனிமேஷன் வரலாறு எழுதியவர்கள் பலர் சொல்கிறார்கள். ஒரு பக்கம் முகமே இல்லாமல் சந்தோஷமாக உழைக்கிறவர்கள். இன்னொரு பக்கம் கூலி கேட்டதால் குடிகாரர்களாகிப்போனவர்கள். ஒரு குட்டியின் அவமானத்தை அத்தனை நுணுக்கமாக உணர்ந்த படத்துக்குத் தொழிலாளி என்று வந்தால் கண் தெரியவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை. அந்தத் தாலாட்டை நான் நேசிக்கிற அளவுக்கே இதில் கோபமும் இருக்கிறது.

காக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைவன் காக்கைக்கு வைத்த பெயர் ஜிம் குரோ. அமெரிக்காவில் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கு வழங்கிய அதே பெயர். குரல் கொடுத்தவர் கிளிஃப் எட்வர்ட்ஸ் என்ற வெள்ளைக்காரர், கூடப் பாடியவர்கள் ஹால் ஜான்சன் குழுவின் கறுப்பினப் பாடகர்கள். ஆனால் கதையில் அந்தக் காக்கைகள் மட்டும்தான் டம்போவைப் பார்த்துச் சிரித்த பிறகு, அவன் பட்டதைக் கேட்டு வெட்கப்படுகின்றன. அவனுக்கென்று ஓர் இறகைக் கொடுத்து இதை வைத்துக்கொண்டு பற என்று தைரியம் சொல்கின்றன. எனக்குப் பிடித்த பாத்திரங்கள் அவைதான். ஆகவே அந்தப் பெயர் இன்னும் வலிக்கிறது.

டிஸ்னி பிளஸ்ஸில் 2020இல் படத்துக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை போட ஆரம்பித்தார்கள், மறு வருஷம் குழந்தைகள் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கை சரி. எடுத்தது எனக்குச் சம்மதம் இல்லை. முகம் இல்லாததைக் கண்டுபிடித்தது ஒரு குழந்தைதானே. நான் மட்டும் தனியாகப் பார்த்திருந்தால் அந்த மழையையும் மின்னலையும் ரசித்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

அவளிடம் அன்றைக்குச் சொன்னது இது: "வரைஞ்சவங்களுக்கு அந்த மாமாக்களைப் பார்க்கணும்னு தோணலடா. பார்த்திருந்தா மூஞ்சி போட்டிருப்பாங்க." கொஞ்ச நேரம் யோசித்தாள். படம் முடிந்ததும் கிரேயானை எடுத்துக் கூடாரம் ஒன்று வரைந்து, பக்கத்தில் நாலு பேரை நிற்கவைத்து, எல்லாருக்கும் மீசை போட்டாள்.

குழந்தைகளோடு பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். டம்போ தெரியாமல் ஷாம்பெயின் கலந்த தண்ணீரைக் குடித்த பிறகு வரும் ரோஸ் கலர் யானைகளின் ஊர்வலம் சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தும். கண் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், யானைத் தலைகளாலேயே ஆன ஓர் உருவம் என்று போகும். தூங்கப் போகிற நேரத்தில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. தாலாட்டு வரும்போது மடியில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். கூடாரம் போடுகிற காட்சியை ஓட்டிவிடாதீர்கள். கேள்வி வந்தால் படத்தை நிறுத்திவைத்துப் பதில் சொல்லுங்கள். 64 நிமிடப் படம்தானே, நேரம் இருக்கிறது.