அல்சூர் ஆடுகளத்து சென்டர்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவுக்குப் பின்னாலிருக்கும் சிமெண்ட் ஆடுகளத்தில் ஞாயிறுதோறும் கூடைப்பந்து ஆடும் பையன் ஒருவனை எட்டு மாதங்களாகக் கவனித்து வருகிறேன். வயது 17, உயரம் 6 அடி 7 அங்குலம். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மரக்கடை வைத்திருக்கும் அவனுடைய தந்தை, “இவன் தேறுவானா சார்? பி.யு.சி.யோட நிறுத்திட்டு இதிலயே விட்டுடலாமா?” என்று கேட்டார். நின்ற இடத்தில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி அது.

அவனிடம் எனக்கு மிகவும் பிடித்தது உயரமல்ல, கைகள். நெடிய பையன்கள் பலருக்குப் பந்து விரலில் பட்டுத் தெறித்துவிடும். இவனோ எதிராளியின் வழியை உடலால் மறித்து ஸ்கிரீன் வைத்துவிட்டுக் கூடையை நோக்கித் திரும்பி ஓடும்போது முழங்காலுக்குத் தாழ்வாக வரும் பாஸைக்கூடத் தடுமாறாமல் வாங்கி, மார்புக்குக் கீழே இறக்காமல் தலைக்கு மேலேயே வைத்துப் போட்டு முடிக்கிறான். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். “கீழ இறக்கினா குட்டைப் பசங்க தட்டிடுறாங்கண்ணா” என்றான். எதிராளியின் எறிதலைத் தடுத்து பிளாக் செய்யும்போதும் பந்தை வெளியே அறைந்து தள்ளாமல் உள்ளேயே தட்டி, தன் அணியினரின் கைக்குப் போகவிடுகிறான். இந்தப் பொறுமை அவன் வயதில் அரிது.

குறைகளைத்தான் அவனுடைய உயரம் மூடி மறைக்கிறது. நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூட்டமைப்பு) விதிகளில், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யில் உள்ளதுபோல், தடுப்பாட்டக்காரர் கூடையடியில் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு கிடையாது. அதனால் அவன் அங்கேயே தூண்போல நின்று காலம் தள்ளிவிட முடிகிறது. 6.75 மீட்டர் தொலைவிலுள்ள மூன்று புள்ளிக் கோட்டுக்கு அவனை இழுத்து வந்துவிட்டால் முழங்கால் மடங்குவதில்லை, பக்கவாட்டில் நகரும்போது கால் மீது கால் போட்டுக்கொள்கிறான். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டிலும் இதே கதைதான்: எதிராளியை முதுகால் அடைத்து இடம் பிடிக்காமல், மேலே கையை நீட்டி எடுத்துக்கொள்கிறான். சென்ற மாதம் அவனைவிடக் குட்டையான, ஆனால் இடுப்பு கனத்த ஒரு கல்லூரி ஆட்டக்காரர் அவனை மெல்ல மெல்ல வெளியே தள்ளியே வைத்திருந்தார். பின்னாலிருந்து எட்டி எட்டிப் பிடிக்கப் போய், இடைவேளைக்கு முன்பே நான்கு ஃபவுல் வாங்கி உட்கார்ந்தான். ஐந்தாவது விழுந்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும்.

உண்மையில் அவன் கூடையடியில் நின்று ஆடும் சென்டரே அல்ல, சுற்றியிருப்பவர்கள் குட்டையாக இருப்பதால் சென்டராக நிறுத்தப்பட்டவன் என்பதே என் கணிப்பு. 7 அடி 2 அங்குல உயரமுள்ள சத்னாம் சிங்கை, என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2015 டிராஃப்டில் டல்லஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வான முதல் ஆட்டக்காரர் அவரே. ஆனால் கூடையடியில் முதுகு காட்டி ஆடும் சென்டர்களின் காலம் அங்கே முடிந்துகொண்டிருந்த நேரம் அது, என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. ஏறத்தாழ நம் பையனின் உயரமே உள்ள அம்ஜ்யோத் சிங், வெளியிலிருந்தும் எறியத் தெரிந்த ஃபார்வர்டாக, என்.பி.ஏ.க்கு அடுத்த நிலையிலுள்ள அமெரிக்காவின் ஜி லீக் வரை சென்று ஆடினார். நம் பையன் பார்க்க வேண்டியது இரண்டாமவரைத்தான். ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை எறியும்போது அவனுடைய மணிக்கட்டு மடங்கும் விதத்தைப் பார்த்தால் தூரத்து ஷாட்டும் வரும் என்றே தோன்றுகிறது. ஆனால் வெளியிலிருந்து எறிந்தால் பயிற்சியாளர் உடனே வெளியே உட்கார வைத்துவிடுகிறாராம். பள்ளிக் கோப்பை வெல்ல அது சரியான முடிவாகவே இருக்கலாம், பையனுக்குத்தான் நஷ்டம்.

தந்தையிடம் படிப்பை நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது. பையனிடம் ஞாயிறுகளில் மட்டும் கூடைக்கு முதுகு காட்டக் கூடாது என்று ஒப்பந்தம் செய்திருக்கிறேன். இப்போது அவன் சித்தப்பா மகன், 5 அடி 6 அங்குலப் பொடியன், அவனைக் கோட்டருகே நிறுத்தி இடமும் வலமுமாக வெட்டி ஓடுகிறான். முதல் வாரம் அண்ணனால் ஒருமுறைகூட அவனை மறிக்க முடியவில்லை. போன ஞாயிறு மூன்று முறை மறித்தான், மூன்றும் இடப்பக்கம். வலப்பக்கம் இன்னும் கால் பின்னுகிறது.