ஒரு கிலோ எஸ்பிஎஸ் இன்னிக்கு என்ன விலை?

எஸ்பிஎஸ் என்பது சோல் ரப்பரின் மூலச் சரக்கு. ஆம்பூரில் ஷூவுக்கு டிபிஆர் (உருக்கி வார்க்கும் ரப்பர்) சோல் அடிக்கும் சின்ன யூனிட் ஒன்றில் பதினெட்டு வருடமாக மெட்டீரியல் வாங்குவது என் வேலை.

காலையில் மெஷின் சூடேறியதும் விழும் முதல் நாலைந்து சோலை ஜோடி சேர்க்க மாட்டோம். ஆபரேட்டர் அதில் ஒன்றை எடுத்து, சூடு ஆறும் முன்பே, குதிகாலும் விரல் பக்கமும் தொடுகிற அளவுக்கு மடக்குவார். மடிப்பில் வெள்ளைக் கோடு ஓடினால் என்னைக் கூப்பிடுவார். "அண்ணே, இதுல சாக் பவுடர் ஜாஸ்தி. பாருங்க." அவர் கை சொன்னது தப்பியதில்லை.

ஒதுக்கிய சோலும், அச்சுக்குப் போகும் வழியில் உறைந்த மிச்சமான ரன்னரும் கிரைண்டருக்குப் போய், பொடியாகி, மறுபடி மெஷின் வாயான ஹாப்பருக்கு வந்துவிடும். எங்களைப் போன்றவர்கள் பிழைப்பதே இதனால்தான். 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர் அவித்த முட்டை மாதிரி, திரும்ப இளகாது. டிபிஆர் நெய் மாதிரி: சூட்டில் உருகும், ஆறினால் உறையும். அதன் அடிப்படை எஸ்பிஎஸ். நடுவில் பியூட்டாடையீன் ரப்பர், இரண்டு முனையிலும் பாலிஸ்டைரீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். முனைகள் ஒன்றோடொன்று கூடி முடிச்சாக இறுகுவதால் நடுவில் உள்ள ரப்பர் இழுபட்டும் பழைய இடத்துக்கே வருகிறது. சூடு பட்டால் முடிச்சு அவிழும். ஷெல் கம்பெனி 1965-ல் 'கிரேட்டன்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்த சரக்கு இந்த வகைதான். அந்தப் பெயரில் நடந்த கம்பெனியை 2022-ல் கொரியாவின் டிஎல் கெமிக்கல் சுமார் 250 கோடி டாலருக்கு வாங்கியது.

எஸ்பிஎஸ் விலையை ஷூக்காரர்கள் தீர்மானிப்பதில்லை. அதில் உள்ள பியூட்டாடையீன், பிளாஸ்டிக்குக்கு மூலமான எத்திலீன் தயாரிக்கும்போது கூடவே கிடைக்கும் உபரி. அதற்காகவே யாரும் அந்தப் பெரிய ஆலைகளை ஓட்டுவதில்லை. அமெரிக்காவில் பாறையிலிருந்து எடுக்கும் ஷேல் எரிவாயு வந்தபின், ஆலைகள் கச்சா எண்ணெயில் கிடைக்கும் நாப்தாவை விட்டு, அந்த வாயுவில் கிடைக்கும் ஈத்தேனுக்கு மாறின. ஈத்தேனிலிருந்து பியூட்டாடையீன் சொற்பமாகத்தான் வரும். கிடைப்பதிலும் பெரும்பங்கு டயர் ரப்பருக்குப் போகிறது. எஸ்பிஎஸ் ஆன பிறகும் போட்டி விடாது. வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்கச் சாலை போடும் தாரில் நூற்றுக்கு மூன்று, நாலு பங்கு எஸ்பிஎஸ் கலக்கிறார்கள். ஒரு நெடுஞ்சாலை விழுங்குவதைப் பார்த்தால் எங்கள் மாதக் கொள்முதல் ஒரு கைப்பிடி.

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனி உறைந்து பெட்ரோகெமிக்கல் ஆலைகள் வரிசையாக நின்றன. அந்த வருடம் கன்டெய்னர் வாடகையும் எங்கோ போனது. நான் வாங்கும் வியாபாரி போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இது இன்னிக்கு விலை. நாளைக்குக் கேட்டா வேற." எங்கள் சோல் விலையோ ஆறு மாதம் முன்பே பேசி முடித்த விலை.

அப்போதுதான் நான் தப்பு செய்தேன். கிலோவுக்குச் சில ரூபாய் குறைவாகக் கிடைத்த காம்பவுண்டை வாங்கினேன். எண்ணெயும் சாக் பவுடரும் கூட்டி, எஸ்பிஎஸ் குறைத்த சரக்கு. ஆபரேட்டர் மடக்கிக் காட்டினார்; வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. "இந்த ஒரு லாட் மட்டும் ஓட்டிடலாம்" என்றேன். மூன்று மாதத்தில் ஆர்டர் திரும்பி வந்தது. எல்லாம் விரல் மடங்கும் இடத்தில் குறுக்கே வெடித்த சோல்கள். அட்டைப் பெட்டியைப் பிரித்து அவற்றைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஆபரேட்டரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓட்டப்பந்தய ஷூக்களில் வரும் பீபா நுரை, டிபியூ என்ற வேறு பிளாஸ்டிக் வகைகளைப் பற்றிப் படிக்க எனக்கு ஆசைதான். ஆனால் பள்ளிப் பிள்ளைகளும் கடைப் பையன்களும் தினமும் தேய்க்கிற சோல் எங்களுடையது. அது தாங்க வேண்டும்.

இப்போது கொட்டேஷனில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இன்றைய எஸ்பிஎஸ் விலை இது, இவ்வளவு ஏறினால் சோல் விலையும் இவ்வளவு ஏறும், இறங்கினால் இறங்கும். போன சீசனில் இரண்டு பேர் முடியாது என்று போய்விட்டார்கள். ஒருவர் ஒத்துக்கொண்டார். அவருடைய ஆர்டருக்கான மூட்டைகள் வெள்ளிக்கிழமை வருகின்றன. முதல் சோலை மடக்கிப் பார்த்த பிறகுதான் மீதி மூட்டைகளைப் பிரிப்போம்.