ரங்கூன் நாட்குறிப்பு: சிவப்பு விளக்கு

பிப்ரவரி 24, சனி

பட்டனை அழுத்தினேன். கம்ப்யூட்டரின் ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

இன்று கரண்ட் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை. நாலரைக்கே எழுந்து, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வந்ததும் கீழே தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ", கரண்ட் வந்துவிட்டது, என்று கத்தினார்கள். அந்தக் குரல் வந்ததும் கை தானாக ஸ்விட்ச்சுக்குப் போகிறது.

அதே கதைதான். பிராசசர் மேல் உள்ள ஃபேன் சுற்றுகிறது, பின்பக்கத்து ஃபேனும் சுற்றுகிறது. மானிட்டர் "சிக்னல் இல்லை" என்று காட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறது. எல்லாச் சாமான்களும் செருகும் பலகையான மதர்போர்டின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன. பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ், பூட் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதியிருக்கிறது. பிராசசர் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கிறது. மற்ற மூன்றும் ஒருமுறைகூட எரியவில்லை. அதாவது முதல் வாசற்படியையே தாண்டவில்லை.

பிராசசர் ரைசன் 5 5600ஜி. கிராஃபிக்ஸ் அதற்குள்ளேயே இருப்பதால் தனி கார்டு வேண்டியதில்லை, ஹெச்டிஎம்ஐ கேபிளை நேராக மதர்போர்டில் செருகினால் போதும் என்று மகன் சொல்லியிருந்தான். அங்கேதான் செருகியிருக்கிறேன்.

அவன் வாங்கிச் சேர்த்த சாமான்கள் இவை. மாதத்துக்கு ஒன்றாக வாங்கினான். டாலர் ஏறும்போதெல்லாம் ஒரு மாதம் தள்ளிப்போகும். ரேம் வாங்கிய அன்று அத்தைக்குக்கூடக் காட்டினான்.

பிப்ரவரி 26

வெளியூர் போன மகனுக்கு வைபரில் நான் அனுப்பிய செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

அத்தை இன்றும் அவனைப் பற்றிக் கேட்டார்கள். வேலையாக இருப்பான் என்றேன்.

கரண்ட் மதியம் ஒன்றுக்கு வந்தது. பவர் கேபிள்களைப் பார்த்தேன். பெரியது இருபத்து நான்கு முள், நன்றாக அமர்ந்திருக்கிறது. மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியாக எட்டு முள் கேபிள் ஒன்று வரவேண்டும். அது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், ஆனால் எதுவும் தொடங்காது. அதுதான் காரணமாக இருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் அதுவும் கொக்கி விழுந்து சரியாகவே இருந்தது. ஏமாற்றமாகப் போயிற்று.

பிறகு ரேம். இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதைப் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது பள்ளத்தில் போட்டேன். ஒன்றே ஒன்று இருந்தால் அங்கேதான் போடச் சொல்கிறது போர்டோடு வந்த புத்தகம். மாற்றமில்லை. கழற்றியதை அதே இடத்தில் போட்டுப் பார்த்தேன். மாற்றமில்லை. இரண்டு ரேமும் ஒரேயடியாகக் கெட்டிருக்காது என்பதாவது தெரிந்தது.

கோயிலிலிருந்து ஆள் வந்து உத்திர நோட்டீஸ் என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார். பங்குனி உத்திரம் மார்ச் 25. தமிழ் ஒரு பக்கம், பர்மியம் ஒரு பக்கம். போன வருஷத்துக் கோப்பு இருக்கிறது. அதில் தமிழ் பாமினி எழுத்துருவில், பர்மியம் ஸோஜியில், இரண்டும் பழைய எழுத்துமுறை. இரண்டையும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றாமல் அச்சகத்தில் வாங்கமாட்டார்கள். 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியது, என் பழைய கோப்புகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. போனில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை அது.

பிப்ரவரி 29

வெயில். கரண்ட் இல்லை. ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 1, வெள்ளி

மேல்மாடி மாமா மல்ட்டிமீட்டரோடு இறங்கி வந்தார். ஒரு காலத்தில் ரேடியோ, பிறகு டிவி என்று தெருவில் பாதி வீட்டுக்குப் பழுது பார்த்தவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. "எதுவானாலும் முதல்ல சோறு ஒழுங்கா போகுதான்னு பார்க்கணும்மா" என்றார்.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட்டை மாற்றித் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸை மதர்போர்டிலிருந்து பிரித்து, பெரிய பிளக்கில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் சேர்த்தார். அப்படிச் சேர்த்தால் பட்டன் இல்லாமலே அது ஓடத் தொடங்கும். மஞ்சளில் 12.1, சிவப்பில் 5.04, ஆரஞ்சில் 3.3. ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், பன்னிரண்டு வோல்ட் என்றால் 11.4 முதல் 12.6 வரை பரவாயில்லை என்று படித்திருந்தேன். எல்லாம் அதற்குள்தான். ஊதா வயர் அணைத்திருக்கும்போதும் ஐந்து வோல்ட் தரவேண்டும். தந்தது. கேபினெட்டுக்குள் கிடந்த பட்டன் செல்லையும் அளந்தார். 3 வோல்ட்டுக்குக் குறையவில்லை.

சுவரில் மட்டும் 190. மாலையில் எல்லா வீட்டிலும் மோட்டார் போடும் நேரம். ஆனால் இந்த எஸ்.எம்.பி.எஸ் நூறிலிருந்து இருநூற்று நாற்பது வரை தாங்கும் என்று மேலேயே எழுதியிருக்கிறது.

இன்வெர்ட்டரில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். மாமா வேண்டாம் என்றுவிட்டார். நம் வீட்டு இன்வெர்ட்டர் பழையது, அதன் அலை படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக வரும், விளக்குக்கும் ஃபேனுக்கும் போதும். இப்போதைய எஸ்.எம்.பி.எஸ்கள் பலவற்றுக்கு அந்த அலை ஒத்துக்கொள்ளாது. அதில் போட்டு ஏதாவது கோளாறு வந்தால் அது பழைய கோளாறா புதுக் கோளாறா என்றே தெரியாமல் போகும். சரியான பேச்சு.

போகும்போது சொன்னார்: "ஏம்மா, ஒண்ணைக் கழட்டு, பாரு, திரும்ப மாட்டு. ரெண்டை ஒண்ணா மாத்தாதே. அப்புறம் எது சரியாச்சுன்னு தெரியாது, எது கெட்டுதுன்னும் தெரியாது."

இதை எழுதி மேசைமேல் ஒட்டியிருக்கிறேன்.

மார்ச் 2

ராத்திரி பதினொன்றரைக்கு வைபர். "ம்மா வந்துட்டேன். சிம் மாத்தணும். அப்புறம் பேசறேன்."

அத்தையை எழுப்பிச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டானா என்று கேட்டார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

காலையிலேயே காளி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். அனோராட்டா சாலை முழுக்க ஜெனரேட்டர் சத்தம். கடைக்குக் கடை ஒன்று, நடைபாதையில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நடக்க இடமில்லை. எனக்கு அது ஒன்றுமே உறைக்கவில்லை. வந்துட்டேன், வந்துட்டேன் என்று அந்த ஒரு வார்த்தையே ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 4

புது சிம் எண் இன்னும் வரவில்லை. எங்கே தங்கியிருக்கிறான், யாரோடு?

மார்ச் 5, செவ்வாய்

கேபினெட்டின் தகடு எங்காவது மதர்போர்டின் அடியில் உரசினாலும் இப்படி ஆகுமாம். அதனால் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ஒவ்வொரு திருகாணியையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டேன். மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, பிராசசர், ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ், மானிட்டர், இவ்வளவு மட்டும். பட்டனும் வேண்டாம். பவர் ஸ்விட்ச் என்று எழுதிய இரண்டு முட்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும்.

சிவப்பு விளக்கு எரிகிறது. கேபினெட் மேல் தப்பில்லை.

பிராசசரையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். அதன் சூட்டை இழுக்க மேலே பசை வைத்துப் பூட்டியிருக்கும் ஹீட்சிங்க்கை நேராகப் பிடித்து இழுக்கக்கூடாது. பசை பிடித்திருந்தால் பிராசசரும் அதோடு பிடுங்கிக்கொண்டு வந்து முள் வளைந்துபோகும். இடமும் வலமும் மெல்லத் திருகித் திருகித்தான் எடுக்கவேண்டும். இந்த வகையில் முட்கள் பிராசசரில்தான் இருக்கின்றன, 1331. அத்தையின் பூதக்கண்ணாடியை வாங்கி, ஜன்னலோரம் நின்று, வரிசை வரிசையாகப் பார்த்தேன். அவ்வளவு நேர்த்தி. ஒன்றுகூடச் சாயவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. அவன் இதையெல்லாம் எவ்வளவு ஆசையாக வாங்கினான்.

பழைய பசையைத் துடைத்து, புதுசு ஒரு மிளகளவு வைத்துப் பூட்டினேன். ஒன்பது மணி ஆகிவிட்டது. கரண்ட் போயிற்று.

மார்ச் 6

ஒன்றும் இல்லை. அங்கிருந்தும் இல்லை.

மார்ச் 7, வியாழன்

இருட்டில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோது மதர்போர்டுப் பெட்டி கண்ணில் பட்டது. மூலையில் ஒரு ஒட்டுச்சீட்டு: ரைசன் 3000 வரிசைக்குத் தயார். மூவாயிரம். பக்கத்திலேயே பிராசசரின் பெட்டி, அதில் 5600ஜி. இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த பி450 வகை மதர்போர்டு 2018இல் வந்தது. 5600ஜி வந்தது 2021இல். பிராசசர் உட்காரும் குழி ஒன்றுதான், ஏஎம்4 வகை. பிராசசர் பொருத்தமாக உட்காரும், பூட்டும் விழும். ஆனால் போர்டுக்குள் இருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கிற பயாஸ் மென்பொருள் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்காது. 3000 வரிசை காலத்தில் பெட்டியில் அடைத்து, ஏதோ ஒரு கிடங்கில் வருஷக்கணக்கில் கிடந்த போர்டாக இருந்தால்?

அப்படியென்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அவன் வாங்கியதில் ஒன்றுகூடக் கெடவில்லை.

போனில் நெட் வரவே ஒன்றரை மணி ஆயிற்று. விபிஎன் போட்டு, விழுந்து, மறுபடி போட்டு, கடைசியில் இந்தப் போர்டுக்குப் பொருந்தும் பிராசசர்களின் பட்டியல் திறந்தது. ஒவ்வொரு பிராசசருக்கும் எதிரே எந்தப் பயாஸிலிருந்து ஓடும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. 5600ஜிக்கு நேரே இருக்கும் பயாஸ் 2021ஆம் வருஷத்தது. என் போர்டின் மேல் ஒட்டியிருக்கும் எண் அதைவிட ரொம்பப் பழையது.

இதை முதலில் அவனிடம் சொல்லவேண்டும்.

மார்ச் 8, வெள்ளி. சிவராத்திரி

கண் விழித்தேன். கோயிலில் பாதி, வீட்டில் பாதி.

பயாஸை மாற்றுவது என்றால் கம்ப்யூட்டர் ஓடவேண்டும். ஓடாத கம்ப்யூட்டரில் எப்படி மாற்றுவது? பழைய ரைசன் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டு, பயாஸை ஏற்றிவிட்டு, பிறகு இதைப் போடலாம். யாரிடம் கேட்பது? நல்லவேளை, இந்தப் போர்டின் பின்பக்கம் ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். பிராசசர் இல்லாமலும் ரேம் இல்லாமலும்கூட, இரண்டு பவர் கேபிளும் ஒரு பென் டிரைவும் இருந்தால் அந்தப் பட்டனை அழுத்திப் பயாஸை ஏற்றலாம். இதைச் செய்து வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 9, சனி

பேசினான்! வீடியோ இல்லை, குரல் மட்டும். மூன்று பேராக ஒரு அறையில் இருக்கிறார்களாம். வேலை திங்கட்கிழமையிலிருந்து. சோறு ஆக்குகிறானாம். இளைத்திருக்கிறானா என்று குரலில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒட்டுச்சீட்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "ம்மா, நீயே கண்டுபிடிச்சியா?" என்றான்.

ஆமாம்டா என்றேன்.

மார்ச் 11

அச்சகத்துக்குப் போய் அவர்கள் கம்ப்யூட்டரில் பயாஸ் கோப்பை இறக்கினேன். பென் டிரைவை ஃபேட் 32 ஆக ஃபார்மட் செய்து, கோப்பின் பெயரைப் புத்தகத்தில் சொல்லியிருக்கிறபடி அப்படியே மாற்றி, அது ஒன்றை மட்டும் அதில் வைத்தேன். பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் போர்டு கண்டுகொள்ளாது. போர்டின் மாடலை, கடைசி எழுத்து வரை, பெட்டியிலும் போர்டிலும் பட்டியலிலும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

இனி கரண்ட். ஏறிக்கொண்டிருக்கும்போது பாதியில் போனால் போர்டு ஊமையாகிவிடலாம். நாளைக்கு எங்கள் முறை ராத்திரி. ராத்திரியில் பாதியில் போகிற வழக்கம் உண்டு. புதன்கிழமை காலை ஐந்து மணி. அதுதான்.

மார்ச் 12

கோயில் ஆள் மறுபடி வந்தார். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டேன்.

மார்ச் 13, புதன்

மாமா நாலே முக்காலுக்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். "மீ லாபீ." நான் எழுந்தேன், அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கரண்ட் வந்த உடனே தொடக்கூடாது, வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். ஐந்து இருபது வரை மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். 214இல் நின்றது.

பென் டிரைவை அதற்கென்று குறித்திருக்கும் துளையில் செருகினேன். பட்டனை அழுத்தினேன். பக்கத்து விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அத்தையும் எழுந்து வந்து கதவோரம் நின்றார்கள். யாரும் பேசவில்லை. கீழே டீக்கடைக்காரர் பெஞ்சு போடும் சத்தம், எங்கோ ஒரு மோட்டார். ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் மாமா மீட்டரைப் பார்த்தார். ஐந்து நிமிஷம்தான் இருக்கும். முருகா முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விளக்கு நின்றது.

எல்லாவற்றையும் அணைத்து, ஸ்க்ரூ டிரைவரால் தொட்டேன். சிவப்பு விளக்கு வந்தது. போய்விட்டது! ரேம் விளக்கு வந்தது, நின்றது, அதுவும் போயிற்று. திரையில் கம்பெனி முத்திரை, அதன்கீழே எழுத்து. 5600ஜி என்று அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது.

மாமாவுக்குக் காப்பி போடக்கூடக் கை நடுங்கிற்று. படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டான்.

மார்ச் 14

விண்டோஸ் ஏறிவிட்டது. கரண்ட் போவதற்குள் முடியுமா என்று கடைசி வரை பயம்.

மார்ச் 15, வெள்ளி

தமிழ்ப் பக்கம் மாற்றியாயிற்று. கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறி விழுந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினேன். பர்மியப் பக்கத்தை எதிர்வீட்டுப் பெண்மணி படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் அடுக்கெழுத்து சரியில்லை என்று சொன்னார், அதையும் சரிசெய்து அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

ரேம் 3200இல் ஓடவேண்டியது 2400 என்றே காட்டுகிறது. பயாஸில் ஒரு இடத்தில் மாற்றவேண்டுமாம். நாளைக்குக் கரண்ட் ஒன்பது மணிக்கு. முதலில் கல்யாணப் பத்திரிகை ஒன்று இருக்கிறது, அதை முடித்துவிட்டு அதைப் பார்க்கவேண்டும்.