எங்கள் ஓடைக்கு வெள்ள ஆய்வு கேட்டு வாங்கிய விதம்

ஆந்திர எல்லையோரம் இருக்கும் எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் மழை பிடித்தால் எல்லோரும் விசாரிப்பது ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணையைத்தான். அது திறந்தால் கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு எச்சரிக்கை வந்துவிடும். எங்கள் ஊரை மூழ்கடிக்கும் ஓடைக்கு அணையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையில் ராத்திரி பெய்தால், விடிவதற்குள் தாழ்வான தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். 2021 நவம்பரில் ஆடுமாடுகளை ஏரிக்கரைக்கு ஓட்டித்தான் காப்பாற்றினோம்.

வருஷா வருஷம் தூர்வாரச் சொல்லி மனு கொடுப்பது ஊர் வழக்கம். ஜேசிபி வந்து மண்ணை அள்ளிக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போகும். அடுத்த மழைக்கு அதே மண் உள்ளே இறங்கிவிடும். அதனால் இந்தத் தடவை வேலை கேட்க வேண்டாம், ஆய்வு கேட்போம் என்று முடிவெடுத்தோம். மேலேயிருந்து எத்தனை கன அடி வருகிறது, அதற்கு ஓடை எவ்வளவு அகலம் வேண்டும், எந்தக் குழாய்ப்பாலம் மறிக்கிறது என்று தெரியாமல் தடுப்புச்சுவர் கட்டினால், வெள்ளம் பக்கத்துத் தெருவுக்குத் திரும்பும், அவ்வளவுதான்.

முதலில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஓடையின் பழைய அளவீடுகளைக் கேட்டோம். அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அளவே இல்லை என்பதால்தான் ஆய்வு வேண்டும் என்று காட்ட, மனுவில் மிகவும் உதவிய தாள் அதுதான். கூடவே புல வரைபடம், நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேட்டு நகல், சுவர்களில் வெள்ளம் ஏறிய கறையை டேப் வைத்து அளந்து எடுத்த படங்கள், கிராம சபைத் தீர்மானம் எல்லாவற்றையும் சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தோம்.

பிறகுதான் இழுபறி. ஓடைப் புறம்போக்கு வருவாய்த்துறையுடையது, குழாய்ப்பாலம் நெடுஞ்சாலைத்துறையுடையது. மேலே இருக்கும் ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அது பாசனம் தரும் நிலம், நூறு ஏக்கருக்குள் என்பதால் அது ஊராட்சி ஒன்றியத்துடையது. ஆறு மட்டும் நீர்வளத்துறையிடம். ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினார்கள். எல்லோரையும் ஒரே நாளில் ஓடைக்கு வரவழைக்கும் கூட்டுப் புலத்தணிக்கை வேண்டும் என்று தனி மனு எழுதிய பிறகே கோப்பு நகர்ந்தது. தணிக்கை நாளில் எங்கள் பெண்கள் வீடு வீடாகக் கறையைக் காட்டியதை அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள்.

ஆய்வை எப்படி நடத்துவது என்று வந்த முன்மொழிவைப் பார்த்து மனசு பதறியது. ஓடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நீர்ப்பிடிப்புப் பகுதியின் கோடு மாநில எல்லையோடு நின்றிருந்தது. பாதிக்கு மேல் தண்ணீர் வருவதே அங்கிருந்துதான். எங்களில் பலருக்கு வீட்டிலேயே தெலுங்கு புழக்கம் என்பதால், மேல்புறத்து ஊர்களுக்குப் போய், எந்த ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியும் தண்ணீர் எந்த வாய்க்காலில் விழுகிறது என்று அந்த விவசாயிகளிடமே கேட்டு எழுதினோம். அதை சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் குறித்து, கார்வேட்டிநகரம் பக்கத்து மழை அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும், சித்தூர் மாவட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் போக வேண்டும் என்று மறுபடியும் எழுதிக் கொடுத்தோம். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்து நிலத்தின் மேடு பள்ளத்தை லெவல் எடுக்கிறார்கள். மனு எழுதப்போகிற மற்ற ஊர்க்காரர்கள் இரண்டு வரியை மறக்காமல் சேர்த்துவிடுங்கள்: ஆய்வு ஓடை தொடங்கும் இடத்திலிருந்து நடக்க வேண்டும்; அறிக்கையின் நகலைத் தமிழில் கிராம சபையில் வைக்க வேண்டும்.